ஒரு கூட்டணியில் பிறந்து, இன்னொரு கூட்டணியில் கரைந்த கட்சி

தமிழ் மாநில காங்கிரஸ் (தமாகா) 1996 மார்ச் 29 அன்று ஜி.கே.மூப்பனாரின் தலைமையில் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு மாதத்தில் நடந்த பொதுத்தேர்தலில் அது தான் நின்ற 20 மக்களவைத் தொகுதிகளையும், 40 சட்டமன்றத் தொகுதிகளில் 39ஐயும் வென்றது. அடுத்த நான்காண்டு முடிவதற்குள் மக்களவையில் ஓர் இடம்கூட இல்லாத கட்சியாயிற்று. 2002 ஆகஸ்டில், எந்தக் கட்சியை உதறிவிட்டு வந்ததோ அந்தக் கட்சியிலேயே போய்ச் சேர்ந்தது. இவ்வளவு வேகமாக உச்சிக்குப் போய் இவ்வளவு வேகமாக இறங்கிய கட்சி தமிழ்நாட்டில் வேறில்லை என்றே சொல்லலாம்.

பிளவுக் கட்சி என்று அரசியல் நூலோர் குறிப்பது, தாய்க்கட்சியிலிருந்து ஒரு பகுதித் தலைவர்களும் தொண்டர்களும் கூட்டாக வெளியேறி, தாய்க்கட்சியின் பெயரிலோ மரபிலோ ஒரு பங்கைத் தமதென்று உரிமை கோரி அமைக்கும் அமைப்பையே ஆகும். இத்தகைய பிளவுகள் பெரும்பாலும் தலைமைப் பதவிக்கான போட்டியிலோ, கொள்கை முரணிலோ, 1994இல் திமுகவிலிருந்து மதிமுக பிரிந்ததுபோல ஒருவரை வெளியேற்றுவதிலோ நிகழ்கின்றன. தமாகா இம்மூன்றிலும் சேராது. காங்கிரசின் கொள்கையில் அதற்குக் குறையொன்றும் தெரியவில்லை. மூப்பனாரைக் கட்சியைவிட்டுப் போகச் சொன்னவரும் இல்லை. ஒரு தேர்தலில் யாரோடு சேர்வது என்ற ஒரே ஒரு முடிவின்மீது எழுந்த மறுப்புதான் அதன் பிறப்புக்குக் காரணம். அதன் பிந்தைய வரலாறு முழுவதும் இந்தப் பிறப்புக் குறையிலிருந்தே விளங்கிக்கொள்ளத்தக்கது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அந்த முடிவின் பின்னணி நீண்டது. 1967இல் ஆட்சியை இழந்த தமிழ்நாட்டுக் காங்கிரஸ், 1969இல் அகில இந்திய அளவில் கட்சி இரண்டாக உடைந்தபோது, பெரும்பான்மையும் காமராசரோடு ஸ்தாபன காங்கிரசில் நின்றது. ஸ்தாபன காங்கிரஸ் என்பது இந்திரா காந்திக்கு எதிரான மூத்த தலைவர்களின் பிரிவு. 1971 சட்டமன்றத் தேர்தலில் அப்பிரிவு 15 இடங்களே பெற்றபோதிலும், பதிவான வாக்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கு விழுந்தது. அதே தேர்தலில் இந்திரா காங்கிரசோ, திமுகவோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஒரு சட்டமன்றத் தொகுதியில்கூட நிற்கவில்லை. மாநிலத்தில் கட்சி வளர்வதைவிட டெல்லியில் ஆட்சிக்கு ஆதரவு கிடைப்பதே முதன்மை என்று மேலிடம் கருதியதன் முதல் வெளிப்படையான சான்று இது. 1975 அக்டோபர் 2 அன்று காமராசர் மறைந்த சில மாதங்களிலேயே, 1976 தொடக்கத்தில், ஸ்தாபன காங்கிரசின் பெரும்பகுதி இந்திரா காங்கிரசோடு இணைந்தது. அந்த இணைப்பை முன்னின்று நடத்தி, இணைந்த கட்சியின் மாநிலத் தலைவராகவும் ஆனவர், அதுவரை தஞ்சை மாவட்டத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த மூப்பனார் என்பது, பின்னால் நடந்தவற்றோடு சேர்த்து நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

எம்.ஜி.ஆர். காலத்தில் மேலிடத்தின் இந்த மனப்போக்கு ஒரு சூத்திரமாகவே உறைந்தது: மக்களவையில் மூன்றில் இரண்டு பங்கு காங்கிரசுக்கு, சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதிமுகவுக்கு. அதன்படி 1991இல் காங்கிரஸ் தான் நின்ற 28 மக்களவைத் தொகுதிகளையும் வென்றது. ஆனால் ‘காமராசர் ஆட்சி அமைப்போம்’ என்று ஒவ்வொரு மாநாட்டிலும் முழங்கிய கட்சி, ஆட்சி அமைக்கத் தேவையான எண்ணிக்கையில்கூட வேட்பாளரை நிறுத்தாத நிலை அதனால் நிலைத்துப்போனது. இதற்கு விலக்காக அமைந்தது 1989. அதிமுக இரண்டாகப் பிளந்திருந்த அந்தத் தேர்தலில், மூப்பனாரை முன்னிறுத்தித் தனித்து நின்ற காங்கிரசுக்கு, ராஜீவ் காந்தி பலமுறை தமிழ்நாட்டுக்கு வந்து பரப்புரை செய்த பின்னும், 26 இடங்களே கிடைத்தன. ஆயினும் வாக்குகள் 20 சதவீதத்தை ஒட்டி வந்தன. தனித்து நின்றால் இவ்வளவு தேறும் என்ற அந்தக் கணக்கு மூப்பனார் அணியினரின் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும்.

மூப்பனாரைப் பற்றியும் ஒரு சொல். தஞ்சை மாவட்டம் கபிஸ்தலத்துப் பெருநிலக்கிழார் குடும்பத்தில் 1931இல் பிறந்தவர். திருவையாறு தியாகராஜர் ஆராதனை விழாவை நடத்தும் சபையின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர். மேடையில் முழங்குவதையும் அறிக்கைப் போர் நடத்துவதையும் அறியாதவர். சொற்பொழிவாலேயே கட்சிகள் வளர்ந்த மாநிலத்தில் இப்படி ஒருவர் தலைவரானதற்கு, கோஷ்டி என்ற காங்கிரஸ் ஏற்பாடுதான் காரணம். கோஷ்டி என்பது, ஒரு தலைவரைச் சுற்றி மாவட்டம்தோறும் அமைந்து, பதவியும் தேர்தல் சீட்டும் அவர்வழியாகவே கிடைக்கும் என்று நம்பி நிற்கும் உள்வட்டம். அகில இந்தியப் பொதுச்செயலாளராக 1980களில் டெல்லியில் பெற்ற செல்வாக்கைக்கொண்டு மூப்பனார் கட்டிய கோஷ்டி, வாழப்பாடி ராமமூர்த்தி போன்றோரின் கோஷ்டிகளைவிடப் பெரியதும் ஒழுங்குள்ளதுமாக இருந்தது. தமாகா புதிதாகக் கட்டப்பட்ட கட்சியன்று; இந்தக் கோஷ்டியே பெயர்மாற்றம் பெற்று வெளியே வந்தது எனலாம். தொடங்கிய வாரத்திலேயே அதற்கு மாவட்டந்தோறும் நிர்வாகிகள் இருந்ததன் இரகசியம் இதுதான்.

1996 மார்ச்சில் பிரதமர் பி.வி.நரசிம்ம ராவ், தமிழ்நாட்டில் அதிமுகவோடு கூட்டணி தொடரும் என்று முடிவெடுத்தார். ஜெயலலிதா அரசின்மீது ஊழல் குற்றச்சாட்டுகள் குவிந்திருந்தன. 1995 செப்டம்பரில் நடந்த அவருடைய வளர்ப்பு மகன் திருமணத்தின் ஆடம்பரம் ஊர்தோறும் பேச்சாகியிருந்தது. அந்த அரசை ஆண்டுக்கணக்காக மேடைகளில் தாக்கிவந்த காங்கிரஸ்காரர்கள், அதே கட்சிக்கு வாக்குக் கேட்டுத் தெருவில் இறங்க வேண்டிய நிலை வந்தது. கட்சித் தலைமையகமான சென்னை சத்தியமூர்த்தி பவனில் தொண்டர்களின் கொதிப்பு வெளிப்படையாகவே வெடித்தது. ப.சிதம்பரம், சோ.பாலகிருஷ்ணன், எம்.அருணாசலம், எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம், ஜெயந்தி நடராஜன், பீட்டர் அல்போன்ஸ் என முன்வரிசையில் பெரும்பாலோர் மூப்பனாரோடு வெளியேற, மாநிலக் காங்கிரசில் எஞ்சியது கட்டடமும் கொடியும் மட்டுமே.

புதிய கட்சிக்குத் திமுகவோடு உடன்பாடு அமைய, ‘துக்ளக்’ ஆசிரியர் சோ ராமசாமி இடையில் நின்று உழைத்தார். அதிமுக மீண்டும் வந்தால் தமிழ்நாட்டை ஆண்டவனாலும் காப்பாற்ற முடியாது என்ற பொருளில் ரஜினிகாந்த் விடுத்த அறைகூவல், அதுவரை அரசியலில் அக்கறை காட்டாத இளைஞர்களையும் கூட்டணியின் பக்கம் இழுத்தது. கட்சிக்குக் கிடைத்த சைக்கிள் சின்னம் எதிர்பாராத வாய்ப்பாக அமைந்தது. 1992இல் வந்த ‘அண்ணாமலை’ படத்தில் பால்காரராக ரஜினி சைக்கிளோடு நிற்கும் படம் சுவரொட்டியாகி, சின்னத்தை அறிமுகப்படுத்தும் வேலையையே இல்லாமல் செய்துவிட்டது. புதுச் சின்னத்தை வாக்காளர் மனத்தில் பதிய வைப்பதற்கு மற்றக் கட்சிகள் ஆண்டுக்கணக்கில் சுவரெழுத்து எழுதும்போது, தமாகாவுக்கு அந்தப் பணியை ஒரு திரைப்படம் நான்காண்டு முன்னமே செய்து வைத்திருந்தது.

முடிவு அறியப்பட்டதே. திமுக 173, தமாகா 39, இந்தியக் கம்யூனிஸ்ட் 8, அதிமுகவுக்கு 4. ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார். 39 மக்களவைத் தொகுதிகளும் கூட்டணிக்கே வந்தன. அவற்றில் தமாகாவின் 20, திமுகவின் 17ஐவிடக் கூடுதல். தாய்க்கட்சியான காங்கிரசுக்கு இரு அவைகளிலும் ஓர் இடம்கூட இல்லை. சட்டமன்றத் தேர்தலில் தமாகா பெற்ற வாக்கு 9 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. மக்களவையில் அது 27 சதவீதம். இரண்டாவது எண் கட்சியின் சொந்த வலிமையைக் காட்டுவதன்று. மாநிலத்தின் பாதித் தொகுதிகளில் கூட்டணியின் ஒரே வேட்பாளராக நின்றதால் திமுகவின் வாக்கும் சைக்கிளிலேயே விழுந்ததன் விளைவு அது. இந்த வேறுபாட்டைக் கட்சியின் தலைவர்கள் அன்று எவ்வளவு உணர்ந்திருந்தார்கள் என்பது ஐயத்துக்குரியது.

டெல்லியில் அமைந்த ஐக்கிய முன்னணியில், ஜனதா தளத்துக்கும் மார்க்சிஸ்ட் கட்சிக்கும் அடுத்த மூன்றாவது பெரிய கட்சி தமாகாதான். மார்க்சிஸ்ட் கட்சி அமைச்சரவையில் சேராததால், அமைச்சரவைக்குள் இரண்டாவது. ப.சிதம்பரம் நிதியமைச்சரானார். 1997 பிப்ரவரி 28 அன்று அவர் அளித்த நிதிநிலை அறிக்கை தனிநபர் வருமான வரியை 10, 20, 30 சதவீதம் என்ற மூன்று அடுக்குகளாகக் குறைத்து, ‘கனவு பட்ஜெட்’ என்ற பெயரையும் பெற்றது. பிறந்து ஓராண்டுகூட நிறையாத ஒரு மாநிலக் கட்சி இந்தியாவின் வரிவிகிதத்தை எழுதியது வியப்புக்குரியதே. ஆனால் அந்தப் பெருமையெல்லாம் நிதியமைச்சரின் தனிப்பெருமையாக நின்றதேயன்றி, கும்பகோணத்திலோ களியக்காவிளையிலோ கட்சிக் கிளை ஒன்றுக்கு அதனால் ஓர் உறுப்பினர் கூடியிருப்பார் என்று கொள்வதற்கில்லை.

1997 ஏப்ரலில் சீதாராம் கேசரியின் காங்கிரஸ் ஆதரவை விலக்கியதால் ஐக்கிய முன்னணிப் பிரதமர் தேவகௌடாவின் ஆட்சி வீழ்ந்தபோது, அடுத்த பிரதமராக மூப்பனாரின் பெயரும் பேசப்பட்டது. பதவி ஐ.கே.குஜ்ராலுக்குப் போயிற்று. மனக்கசப்பில் தமாகா முதலில் குஜ்ரால் அமைச்சரவையில் சேராமல் ஒதுங்கிநின்று, சில நாளில் திரும்பியது. தமிழர் ஒருவர் பிரதமராவதைக் கூட்டணித் தோழரே தடுத்துவிட்டார் என்ற குறை, உண்மையோ இல்லையோ, தமாகாவினரிடையே நீங்காமல் தங்கியது. திமுகவோடு இருந்த உறவில் அது முதல் கீறல்.

கட்சியின் உண்மையான தவறு டெல்லியில் அல்ல, சென்னையில்தான் நேர்ந்தது என்று கருத இடமுண்டு. அதிமுகவுக்கு 4 இடங்களே கிடைத்ததால், சட்டமன்றத்தில் எண்ணிக்கையால் இரண்டாமிடத்தில் இருந்த தமாகா அதிகாரப்பூர்வ எதிர்க்கட்சியாயிற்று. அதன் தலைவர் சோ.பாலகிருஷ்ணன் எதிர்க்கட்சித் தலைவரானார். எதிர்க்கட்சித் தலைவர் என்பது அரசை வினவுவதற்கென்றே ஏற்பட்ட பொறுப்பு. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சி அந்த நாற்காலியில் அமர்ந்தபோது, அரசைக் கடிந்தால் தோழமை கெடும், கடியாவிட்டால் நாற்காலிக்குப் பொருளில்லை என்ற இக்கட்டில் அது இரண்டுமின்றி நின்றது. அரசின்மீது அதிருப்தி கொண்ட வாக்காளர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும்; அந்த இடத்தைத் தமாகா காலியாக விட்டதால், நான்கு உறுப்பினரோடு மூலையில் கிடந்த அதிமுகவே அதை மீண்டும் எடுத்துக்கொண்டது. மேற்கு வங்கத்தில் 1998 தொடக்கத்தில் மம்தா பானர்ஜி காங்கிரசிலிருந்து பிரிந்து அமைத்த திரிணமூல் காங்கிரசோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அவருடைய குறையும் ஏறத்தாழ இதே வகையானதுதான்: மாநிலத்தின் முதன்மை எதிரியிடம் மேலிடம் மென்மையாக நடந்துகொள்கிறது என்பது. ஆனால் திரிணமூலுக்கு எதிரி ஆட்சியில் இருந்தார். அவரை எதிர்க்கும் இடம் முழுவதையும் அது பிடித்துக்கொண்டு 13 ஆண்டு காத்திருந்து 2011இல் ஆட்சிக்கு வந்தது. தமாகாவின் எதிரியோ அது பிறந்த சில வாரங்களிலேயே வீழ்ந்துவிட்டார். வீழ்த்திய பெருமையும் அதன் பலனும் திமுகவுக்குப் போயின.

1998 பிப்ரவரியில், கோவைக் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த மக்களவைத் தேர்தலில், பாஜகவோடும் பாமக, மதிமுகவோடும் அதிமுக சேர்ந்து அமைத்த அணி 30 இடங்களை அள்ளியது. தமாகாவுக்கு மூன்று, அவற்றில் ஒன்று சிதம்பரத்தின் சிவகங்கை.

அடுத்த ஆண்டில் எடுத்த முடிவு அக்கட்சியின் வரலாற்றிலேயே துணிச்சலானது. வாக்குக் கணக்கை மட்டும் பார்ப்போர் அதைப் பிழை என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு. 1999இல் வாஜ்பாய் அரசை அதிமுக கவிழ்த்ததும் திமுக பாஜக அணிக்குப் போனது. மூப்பனார் அதற்கு உடன்படவில்லை. அதிமுகவோடு நின்ற சோனியா காந்தியின் காங்கிரசோடும் சேராமல், டாக்டர் க.கிருஷ்ணசாமியின் புதிய தமிழகத்தையும், அதுவரை தேர்தலைப் புறக்கணித்துவந்த தொல்.திருமாவளவனின் விடுதலைச் சிறுத்தைகளையும் சேர்த்து மூன்றாவது அணி அமைத்தார். நிலக்கிழார் குடும்பத்துத் தலைவர் ஒருவர், இரு பெரும் திராவிடக் கட்சிகளும் அதுவரை வாசலுக்கு அப்பாலேயே நிறுத்தியிருந்த தலித் அமைப்புகளைச் சம தோழராக ஏற்றது சிறிய செய்தியன்று. திருமாவளவன் தமது முதல் தேர்தலைச் சிதம்பரம் தொகுதியில் தமாகாவின் சைக்கிள் சின்னத்திலேயே சந்தித்து, தோற்றபோதும் இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். அந்தத் தேர்தலின்போது அத்தொகுதியின் தலித் குடியிருப்புகள் வன்முறைக்கு ஆளாயின. மாநில அளவில் அணிக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. தமாகாவின் வாக்கு 7 சதவீத அளவில் நின்றது. சிவகங்கையில் சிதம்பரம் மூன்றாமிடத்துக்குப் போனார். வென்றவர் காங்கிரஸ் வேட்பாளர்.

அந்த 7 சதவீதத்தைத் தோல்வி என்று கொள்வதா, முதல் என்று கொள்வதா என்பதில்தான் கட்சியின் எதிர்காலம் தொங்கியது. பணபலமும் பெருங்கூட்டணியும் இன்றி, தனித்த அடையாளத்தோடு கிடைத்த வாக்கு அது; பத்தாண்டு பொறுத்திருந்தால் அதன்மேல் ஏதேனும் கட்டியிருக்கலாம். ஆனால் காங்கிரஸ் பாசறையில் வளர்ந்த தலைவர்களுக்குப் பதவியின்றிப் பொறுத்திருக்கும் பழக்கம் இல்லை. கோஷ்டியைக் கட்டிவைக்கும் கயிறு பதவியே. கயிறு இற்றால் கட்டு அவிழும்.

2001 சட்டமன்றத் தேர்தலில் தமாகா அதிமுகவோடு சேர்ந்தது. திமுக பாஜகவோடு இருக்கும்வரை மதச்சார்பற்ற அணி என்பது அதிமுகவின் பக்கமே அமைய முடியும் என்பது மூப்பனார் தரப்பு வாதம். தர்க்கத்தில் அதற்கு இடமுண்டு. ஆயினும் எந்தக் கட்சியோடு சேரக்கூடாது என்பதற்காகவே தமாகா பிறந்ததோ, அந்தக் கட்சியின் மேடையில் அது ஏறியபோது, அதன் பெயரில் இருந்த ‘தமிழ் மாநில’ என்ற முன்னொட்டுக்கு அதன்பின் பொருள் என்ன என்று கேட்டவர்களுக்கு விடை இல்லாமற் போயிற்று. சிதம்பரம் பிரிந்து காங்கிரஸ் ஜனநாயகப் பேரவையைத் தொடங்கினார், பிளவின் பிளவு. (அவரும் 2004இல் சிவகங்கையில் காங்கிரஸ் வேட்பாளராகவே நின்று வென்றார்.) எண்ணிக்கையில் தமாகாவுக்கு இழப்பில்லை. 32 தொகுதிகளில் 23 கிடைத்தன. தாய்க்காங்கிரசும் அதே கூட்டணியில் இருந்து 7 இடம் பெற்றது. ஒரே மேடையில், ஒரே தலைவியின்கீழ், இரண்டு காங்கிரஸ் எதற்கு என்று வாக்காளர் கேட்குமுன் கட்சிக்காரர்களே கேட்கத் தொடங்கினர்.

2001 ஆகஸ்ட் 30 அன்று மூப்பனார் மறைந்தார். மகன் ஜி.கே.வாசன் தலைவரானார். ஓராண்டு நிறையுமுன், 2002 ஆகஸ்டில், மதுரையில் சோனியா காந்தியின் முன்னிலையில் தமாகா காங்கிரசோடு இணைந்தது. சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏற்றால் இணைப்பைக் கட்சித் தாவல் தடைச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த எண்ணிக்கை இருந்தது, சிலர் மட்டும் மறுத்து வெளியே நின்றனர். காமராசர் மறைந்த சில மாதங்களில் அவருடைய காங்கிரசை டெல்லியோடு இணைத்தவர் மூப்பனார். மூப்பனார் மறைந்த ஓராண்டுக்குள் அவருடைய காங்கிரஸ் அதே வழியில் அதே இடத்துக்குப் போயிற்று. இரு முறையும் பிரிந்து நின்றது ஓர் அமைப்பு என்பதைவிட, ஒரு மனிதரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட கூட்டம் என்பதே பொருந்தும்.

மத்திய அமைச்சராக இருந்து, 2014 தோல்விக்குப் பின் காங்கிரசை விட்டு வெளியேறிய வாசன், அந்த நவம்பரில் திருச்சியில் கூட்டிய பெருங்கூட்டத்தில் கட்சியை மீண்டும் தொடங்கினார். தந்தை வெளியேறியபோது கட்சி அவரோடு வந்தது. மகன் வெளியேறியபோது ஒரு பகுதியே வந்தது. அதன்பின் நடந்தவற்றைச் சின்னத்தின் வழியாகவே சொல்லிவிடலாம். சின்னம் நிலையாக ஒதுக்கப்பட வேண்டுமானால், குறிப்பிட்ட அளவு வாக்குகளையோ இடங்களையோ பெற்று மாநிலக் கட்சி என்ற ஏற்பை ஒரு கட்சி அடைந்திருக்க வேண்டும். அந்தத் தகுதி இல்லாதபோது தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுத்தான் பெற வேண்டும். 2016இல் விஜயகாந்தின் தேமுதிகவும் மக்கள் நலக் கூட்டணியும் அமைத்த அணியில் 26 தொகுதிகளில் நின்ற தமாகாவுக்குச் சைக்கிள் கிடைக்கவில்லை, கிடைத்தது தென்னந்தோப்பு. ஓரிடமும் வெல்லவில்லை, வாக்கு ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. 2019இல் அதிமுக, பாஜக அணியில் தஞ்சாவூர் ஒன்றே ஒதுக்கப்பட்டது. அங்கே ஆட்டோ ரிக்‌ஷா. 2021இல் ஆறு தொகுதிகளிலும் வேட்பாளர்கள் நின்றது இரட்டை இலையில், அதாவது 1996இல் மூப்பனார் யாருக்கு வாக்குக் கேட்க மறுத்து வெளியேறினாரோ அந்தக் கட்சியின் சின்னத்திலேயே. இதற்கிடையில், 2020இல், அதிமுகவின் ஆதரவோடு வாசன் மாநிலங்களவைக்குப் போனார்.

2024 மக்களவைத் தேர்தலில், பாஜக அணியில் ஸ்ரீபெரும்புதூர், ஈரோடு, தூத்துக்குடி என மூன்று தொகுதிகள் தமாகாவுக்குக் கிடைத்தன. கூடவே, கேட்டுப் பெற்ற சைக்கிள் சின்னமும் திரும்பி வந்தது. அதை ‘அண்ணாமலை’ படத்தோடு சேர்த்து நினைவுகூரும் வாக்காளர்கள் அப்போது ஐம்பதை நெருங்கியோ தாண்டியோ இருந்தார்கள். மூன்று தொகுதிகளிலும் கட்சி தோற்றது.